பாதிச் சம்பளத்தில் கடவுள்

1891ஆம் ஆண்டு பிப்ரவரிக் குளிர். லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் ஓர் அடக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பியவர்கள் ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவர் சார்லஸ் பிராட்லா. இங்கிலாந்து முழுக்கப் பேர்போன நாத்திகர், நாடாளுமன்ற உறுப்பினர், இந்தியாவுக்காக அங்கே ஓயாமல் வாதாடியவர். அந்த நன்றிக்காக லண்டனில் இருந்த இந்தியர்கள் திரண்டு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் 21 வயதுச் சட்ட மாணவர் மோகன்தாஸ் காந்தி. கடைசி மரியாதை செலுத்தச் சில பாதிரியார்களும் வந்திருந்தார்கள்.

நிலையத்தில் ஒரு நாத்திகர் அந்தப் பாதிரியார்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறீர்களா என்றார். பாதிரியார் தணிந்த குரலில் ஆமாம் என்றார். பூமியின் சுற்றளவு இத்தனை ஆயிரம் மைல் என்பதை ஒத்துக்கொள்கிறீர்களா? ஒத்துக்கொண்டார். அப்படியானால் உங்கள் கடவுள் என்ன அளவு, எங்கே இருக்கிறார், சொல்லுங்கள் பார்ப்போம். நம் இருவர் நெஞ்சிலும்தான் இருக்கிறார் என்று பதில் வந்தது. என்னைக் குழந்தை என்று நினைத்தீர்களா என்று கேட்டுவிட்டு, ஜெயித்துவிட்ட முகத்தோடு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார் நாத்திகர். பாதிரியார் பேசாமல் இருந்துவிட்டார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாணவருக்கு நாத்திகத்தின் மேல் ஏற்கெனவே இருந்த வெறுப்பு இன்னும் கூடிற்று. பல ஆண்டுகள் கழித்து 'சத்திய சோதனை'யில் அதை மறக்காமல் எழுதினார்.

நாத்திகர்கள் கொஞ்சம் பதமாகப் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒரு வாய்த்துடுக்கு காந்தியையே கைநழுவ விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மூன்று தலைமுறையாகக் கேட்கப்படுகிறது. "பெரியார் சொல்றதெல்லாம் சரிதான், சொல்ற விதம்தான்..." என்று யாராவது இழுக்காத டீக்கடை பெஞ்சு உண்டா?

ஆனால் அன்று குழிக்குள் இறக்கப்பட்டவர் ஒன்றும் பதமாகப் பேசிப் பேர் வாங்கியவரல்ல. பிராட்லா மேடையேறத் தொடங்கிய காலத்தில் வைத்துக்கொண்ட புனைபெயரே 'ஐகனோகிளாஸ்ட்'. சிலை உடைப்பவன் என்று பொருள். 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்து வந்தபோது, கடவுள் பெயரால் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி மட்டும் சொல்கிறேன் என்றார். முடியாது என்றது அவை. சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். நம்பிக்கை இல்லாதவன் செய்கிற சத்தியம் செல்லாது என்று அதையும் மறுத்தது. ஒரு நாள் இரவு அவரை நாடாளுமன்ற மணிக்கூண்டில் அடைத்துவைத்தார்கள். இன்னொரு நாள் போலீஸ்காரர்கள் சட்டை கிழியத் தூக்கி வெளியே தள்ளினார்கள். தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். உட்கார இடம் கிடைக்க 1886 ஆயிற்று. மரியாதை செலுத்த வந்த இந்தியர்கள் இந்த முரட்டுத்தனத்துக்கும் சேர்த்துத்தான் மரியாதை செலுத்தினார்கள்.

பதமான வழியை முயன்று பார்க்காமலும் இல்லை. பிராட்லாவுக்கு மூத்தவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். 1842 மே மாதம் செல்டன்ஹாம் என்ற ஊரில் ஏழைகளுக்கான கூட்டுக் குடியிருப்புகளைப் பற்றிப் பேசினார். கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். மனிதருக்குச் செய்யவேண்டிய கடமையைச் சொன்னீர்கள், கடவுளுக்குச் செய்யவேண்டியதைச் சொல்லவில்லையே என்று கேட்டார். ஹோலியோக் வாயில் சட்டென்று ஒரு பதில் வந்தது. போர் முடிந்ததும் படை அதிகாரிகளைப் பாதிச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்புகிறார்களே, ஜனங்கள் இவ்வளவு ஏழையாக இருக்கிற காலத்தில் கடவுளையும் அப்படி வைக்கலாம் என்றார். இந்த ஒரு நகைச்சுவைக்கு ஆறு மாதச் சிறை. உள்ளே இருந்தபோது அவருடைய சின்ன மகள் இறந்துபோனாள்.

வெளியே வந்த ஹோலியோக் மெல்ல மெல்ல மாறினார். நாத்திகம் என்ற சொல்லே ஜனங்களை மிரட்டுகிறது என்று நினைத்து, 1851இல் புதிய சொல் ஒன்றை உருவாக்கினார். இன்று இந்திய அரசியலில் தினமும் உருட்டப்படும் 'செக்யூலரிசம்' அந்தச் சொல்தான். கடவுள் உண்டா இல்லையா என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, இவ்வுலகத்துக்கு நல்லதைச் செய்வோம், தாராள மனமுள்ள கிறிஸ்தவர்களும் கூட வரட்டும் என்றார். கடவுள் கேள்வியை ஒதுக்கிவிட்டு அந்த வேலை நடக்காது என்றார் பிராட்லா. 1870இல் இருவரும் மேடைபோட்டு இதை விவாதித்தார்கள். யார் வென்றார் என்று சொல்வது கடினம். ஹோலியோக்கின் சொல் உலகமெல்லாம் பரவியது. உறுதிமொழி எடுத்துப் பதவியேற்கும் உரிமையைச் சட்டமாக்கியது பிராட்லா. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்தச் சண்டையின் அடிமட்டம் தெரியவந்தது 1883இல், ஒரு நீதிமன்றத்தில்.

ஜி. டபிள்யூ. ஃபூட் என்ற இளைஞர் 1881இல் 'ஃப்ரீதிங்கர்' என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். விலை ஒரு பென்னி. 1882 கிறிஸ்துமஸ் இதழில் கேலிப்படங்கள் போட்டார். அதில் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. பைபிளின் யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தில் கடவுள் மோசேயிடம் தன் முகத்தைக் காட்ட மாட்டேன், பின்புறத்தை மட்டும் பார்க்கலாம் என்கிறார். ஃபூட்டின் ஓவியர் அதை அட்சரம் பிசகாமல் வரைந்துவிட்டார். வேதத்தில் இருப்பதைத்தானே வரைந்தோம் என்பது ஃபூட்டின் கட்சி. முந்திய இதழ்களுக்காக ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தவர்களுக்கு வேறொரு கணக்கும் இருந்தது: பத்திரிகையோடு பிராட்லாவையும் முடிச்சுப்போட்டு உள்ளே தள்ளிவிடலாம் என்று பார்த்தார்கள். அது பலிக்கவில்லை, பிராட்லா விடுதலையானார். கிறிஸ்துமஸ் இதழுக்காக ஃபூட்டுக்கு நீதிபதி நார்த் 12 மாதச் சிறை விதித்தார்.

நிலுவையிலிருந்த அந்த முந்திய வழக்குக்காக அவரைச் சிறையிலிருந்து தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் முன் கொண்டுவந்தார்கள். ஃபூட் தனக்குத்தானே வாதாடினார். கையோடு கொண்டுவந்த புத்தகங்களிலிருந்து வாசித்துக் காட்டினார். மில், ஹக்ஸ்லி, ஸ்பென்சர், மாத்யூ ஆர்னால்ட் என்று எல்லாம் பெரிய பெயர்கள். ஆர்னால்ட் பள்ளி ஆய்வாளர், ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர். அவர் தமது புத்தகமொன்றில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூவரையும் மூன்று ஷாஃப்ட்ஸ்பரி பிரபுக்களுக்கு ஒப்பிட்டுக் கிண்டல் செய்திருந்தார். ஷாஃப்ட்ஸ்பரி அன்று உயிரோடிருந்த நிஜ மனிதர், ஊரறிந்த பக்திமான். பிறர் மனம் நோகிறது என்று பிந்திய பதிப்பில் ஆர்னால்டே அதை எடுத்துவிட்டார். ஆனால் அவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. நான் சொன்னதற்கும் இவர்கள் சொன்னதற்கும் என்ன வித்தியாசம், அவர்கள் புத்தகம் பல ஷில்லிங், என் பத்திரிகை ஒரு பென்னி, அவ்வளவுதானே என்பது ஃபூட்டின் வாதத்தின் சாரம். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தார்கள்.

அந்த வழக்கில் கோல்ரிட்ஜ் சொன்ன சட்டவிளக்கம்தான் நம் கேள்வியின் இதயம். விவாதத்துக்குரிய கண்ணியம் காக்கப்படுமானால் மதத்தின் அடிப்படைகளையே தாக்கினாலும் குற்றமில்லை என்றார். அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். அதுவரை கிறிஸ்தவத்தை மறுப்பதே குற்றம் என்று கருதப்பட்டது. இனிமேல் என்ன சொன்னாய் என்று கேட்கமாட்டோம், எப்படிச் சொன்னாய் என்று மட்டும் கேட்போம். நல்ல மனிதரின் நல்ல தீர்ப்பு.

அதைப் பிய்த்து எறிந்தவர் ஒரு நாத்திகப் பேச்சாளரல்ல, இன்னொரு நீதிபதி. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். நம் வக்கீல்களுக்குப் பழக்கமான ஆள்தான். 1872இல் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர். 1884இல் எழுதிய கட்டுரையொன்றில், விஷயம் வேறு நடை வேறு என்று இப்படிப் பிரிக்கவே முடியாது என்றார். படித்த கனவானைப்போல எழுதவில்லை என்பதற்காக, படிக்காதவனும் கனவானல்லாதவனுமான ஒருவனை, அதுவும் அவன் நெஞ்சு கொதிக்கிற விஷயத்தில், சிறைக்கு அனுப்புவது நியாயமா என்று கேட்டார். சட்டம் மோசமானது, ஆகவே அதைப் பூசி மெழுகாமல் எடுத்துவிடுங்கள் என்பது அவர் முடிவு. எடுக்கவில்லை. 1921இல் ஜான் வில்லியம் காட் என்ற துண்டுப்பிரசுரக்காரர் ஒன்பது மாதக் கடுங்காவலுக்குப் போனார். வெளியே வந்த சிறிது காலத்தில் இறந்தார். தெய்வ நிந்தனைக்காக இங்கிலாந்தில் சிறை சென்ற கடைசி ஆள் அவர். சட்டம் புத்தகத்திலிருந்து போனது 2008இல்.

ஸ்டீஃபன் தொட்ட இடம்தான் வலிக்கிற இடம். கண்ணியமான தொனி என்பது எல்லோர் வீட்டிலும் வளர்கிற செடியல்ல. அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும், ஓய்வு வேண்டும், திருப்பி அடிக்க மாட்டார்கள் என்ற தைரியம் வேண்டும். மெதுவாகச் சொல் என்று கேட்கிறவருக்கு அவசரம் எதுவும் இல்லை என்பதும் உண்மை.

அவசரமில்லாதவர்களில் மிக நேர்மையானவர் டார்வின். 1880 அக்டோபரில் எட்வர்ட் அவெலிங் என்ற நாத்திகர் தம் நூலை அவருக்குக் காணிக்கையாக்க அனுமதி கேட்டார். டார்வின் மறுத்துக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவத்தை நேருக்கு நேர் தாக்குவதால் மக்களிடம் பெரிய பலன் ஏற்படுவதாகத் தெரியவில்லை. அறிவியல் வளர வளர மனங்கள் தாமாகவே வெளிச்சம் பெறும். ஆகவே மதத்தைப் பற்றி எழுதுவதைத் தவிர்த்தே வந்திருக்கிறேன். இதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு கொள்கை விளக்கம். அடுத்து இன்னொன்றும் சேர்த்தார்: என் குடும்பத்தில் சிலருக்கு வலிக்குமே என்ற நினைப்பும் என் முடிவில் கலந்திருக்கலாம். மனைவி எம்மா ஆழ்ந்த பக்தை. தொனியைப் பற்றி எழுதப்பட்ட எல்லாப் பக்கங்களிலும் இதைவிட மனிதத்தனமான வரி குறைவு. (இந்தக் கடிதம் கார்ல் மார்க்ஸுக்கு எழுதப்பட்டது என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. மார்க்ஸ் மகளின் துணைவராக இருந்த அவெலிங்கின் காகிதங்கள் மார்க்ஸின் காகிதங்களோடு கலந்துபோனதால் வந்த குழப்பம்.) அந்த அவெலிங்தான், ஃபூட் சிறையிலிருந்தபோது 'ஃப்ரீதிங்கர்' பத்திரிகையை நடத்தியவர். டார்வின் வீட்டில் காத்திருக்கலாம். ஹாலோவே சிறையிலிருந்தவரால் அது முடியாது.

மென்மையாக்குகிற கைக்கு எங்கே நிறுத்துவதென்றும் தெரிவதில்லை. பிரான்சில் ழான் மெஸ்லியே என்ற கிராமத்துப் பாதிரியார் நாற்பது ஆண்டுகள் பூசை செய்துவிட்டு 1729இல் இறந்தார். அவர் ரகசியமாக எழுதி வைத்துப்போன கையெழுத்துப் பிரதிகளில் கடவுளையும் மன்னரையும் நிலப்பிரபுக்களையும் ஒருசேர வறுத்தெடுத்திருந்தார். 1762இல் வோல்டேர் அதன் சுருக்கத்தை வெளியிட்டார். மக்கள் தாங்கமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, நாத்திகத்தையும் நிலவுடைமை எதிர்ப்பையும் நறுக்கி எறிந்தார். கடவுளை நம்பி, மதத்தை மட்டும் கண்டிக்கிற ஒருவராக மெஸ்லியேயை மாற்றிவிட்டார். நூறாண்டு காலம் உலகம் படித்தது வோல்டேரின் மெஸ்லியேயைத்தான். சாகும்வரை வாய்மூடி இருந்தவனைச் செத்த பிறகும் பேசவிடவில்லை.

ஃபூட் கூண்டில் நின்ற அதே ஆண்டுகளில் சென்னையிலும் ஒரு சிறு கூட்டம் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. லண்டனில் பிராட்லா தொடங்கிய சங்கத்தைப் பார்த்து இங்கே சென்னை இலௌகிக சங்கம் ஏற்பட்டது. 1882 முதல் 1888 வரை தமிழில் 'தத்துவ விவேசினி', ஆங்கிலத்தில் 'திங்கர்' என்று பத்திரிகைகள் நடத்தினார்கள். பேராசிரியர் வீ. அரசு அவற்றைத் தேடியெடுத்துத் தொகுத்திருக்கிறார். அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரின் நூலும் அதே 1882இல் வந்ததுதான். தலைப்பு 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி'. தொனி என்ன என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

கடுமையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் நாத்திகர்கள் என்று நினைக்க வேண்டாம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களை எடுத்தால், பெரும்பாலும் பத்தாவது பாட்டு சமணரையும் சாக்கியரையும் வசைபாட ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் உடம்பு, உடை, சாப்பாடு எதுவும் தப்பாது. இன்றும் கோயில்களில் ஓதுவார்கள் அதைப் பண்ணோடு பாடுகிறார்கள். யார் மனமும் புண்பட்டதாகத் தெரியவில்லை, ஏனென்றால் புண்படவேண்டியவர்கள் சொற்பம். நட்ட கல்லைச் சுற்றி வருபவரைக் கேலி செய்த சிவவாக்கியரையும் இந்த மண் சித்தர் என்று கும்பிட்டுத்தான் வைத்திருக்கிறது.

பெரியாரின் தொனி இந்த வரிசையில் வருவது. ஈரோட்டு மண்டியில் வளர்ந்த வணிகர் அவர்; பள்ளிக்கூடப் படிப்பு சில வருஷம்தான். சரக்கு சொத்தை என்றால் சொத்தை என்று சொல்கிற பேச்சு. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் திடலுக்கு வந்து தரையில் உட்காருகிறவர்களிடம் மணிக்கணக்காகப் பேசினார். புராணத்தை அவர்களுக்குத் தெரிந்த குடும்பக் கதையைப் போலச் சொல்லி, "இது நியாயமா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்பார். ஆர்னால்ட் தொனியில் அந்தத் திடலில் பேசியிருந்தால் முதல் பத்து நிமிடத்தில் முன்வரிசை எழுந்துபோயிருக்கும். அந்த ஜனங்கள் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெளியே நிறுத்தியவர்களிடம் யாரும் தொனியைக் குறைக்கச் சொன்னதில்லை.

1953 மே 27 அன்று திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் களிமண் பிள்ளையாரை உடைத்தார். வழக்குப் போட்டார்கள். இவர்களே செய்து இவர்களே உடைத்த பொம்மை, பூசை நடந்த சிலையல்ல, ஆகவே சட்டம் சொல்லும் புனிதப் பொருளாகாது என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரு சமூகம் புனிதமாகக் கருதுவது எதுவானாலும், அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் நீதிமன்றம் அதை மதிக்க வேண்டும் என்றது. காலம் கடந்துவிட்டதால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு யாருக்குச் சாதகம் என்று இரு தரப்பும் இன்றுவரை சொல்லிக்கொள்ளலாம்.

ஆனாலும் பெரியாரின் புகழ்பெற்ற கடவுள் மறுப்பு வாசகத்தில் ஓர் இடம் நெருடத்தான் செய்கிறது. கடவுளைக் கற்பித்தவனுக்கு ஒரு வசை, பரப்புகிறவனுக்கு ஒரு வசை, வணங்குகிறவனுக்கும் ஒரு வசை. முதலிரண்டு பேரும் ஏமாற்றியவர்கள் என்றால் மூன்றாமவர் ஏமாந்தவர். அவருக்கு ஏன் 'காட்டுமிராண்டி'? பேரனுக்கு அம்மை இறங்க வேண்டுமென்று மாரியம்மனுக்கு வேப்பிலை கட்டுகிற கிழவிக்கும் அதே அடியா? சிலைப் பீடங்களில் அந்த வாசகம் இருக்கலாமா என்ற வழக்கு 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தம் கருத்தைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று மனு தள்ளுபடியானது. சரியான முடிவு. உரிமை இருக்கிறது என்பதால் மூன்றாவது வரி நல்ல வரியாகிவிடாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வரியை அதிகம் மீறியவர் பெரியாரேதான். பொதுமேடையில் கடவுள் வாழ்த்து பாடினால், தள்ளாத வயதிலும் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார் என்று உடனிருந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1925 மே மாதம் 'குடி அரசு' தொடங்கியபோது விழாவுக்கு அழைத்து வந்தது திருப்பாதிரிப்புலியூர் சைவ மடத்து ஞானியார் அடிகளை. குன்றக்குடி அடிகளாரோடு கடைசிவரை நட்பு. அவருடைய மடத்துக்குப் போனபோது நீட்டிய திருநீற்றை மறுக்காமல் வாங்கிக்கொண்டார் என்ற கதையை ஆத்திகர், நாத்திகர் இரு தரப்புமே பெருமையாகச் சொல்கின்றன. மேடையில் கூட்டத்தைப் பார்த்துப் பேசும்போது ஒரு நாக்கு. எதிரில் ஒரு மனிதர் வந்து நின்றால் வேறு நாக்கு. புரூக்வுட் நிலையத்து நாத்திகரிடம் இல்லாமல் போனது இந்த இரண்டாவதுதான். அவர் சொன்னதில் ஃபூட் எழுதாதது எதுவும் இல்லை. ஆனால் சாவு வீட்டிலிருந்து வருகிற வழியில், எதிராளிக்கு மரியாதை செய்ய வந்த ஒரு மனிதரைத் தனியாகப் பிடித்து மடக்குவதற்கு நாத்திகம் தேவையில்லை, முசுட்டுத்தனம் போதும்.

தொனியைக் குறைத்தால் எதிர்ப்புக் குறையும் என்பார்கள். குறைந்ததா? 2009 ஜனவரியில் லண்டன் பேருந்துகளில் ஒரு விளம்பரம் ஓடியது. கடவுள் அநேகமாக இல்லை, கவலையை விட்டு வாழ்க்கையை அனுபவியுங்கள் என்பது செய்தி. அந்த 'அநேகமாக'வைப் போட்டதில் விளம்பர விதிகளுக்குப் பயந்த ஜாக்கிரதையும் இருந்தது. இவ்வளவு பணிவான நாத்திகம் உலகத்தில் வந்ததில்லை. ஆனாலும் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்கு 300க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. அந்த அநேகமாகவுக்கு ஆதாரம் என்ன என்றுகூடக் கேட்டார்கள்.

அது பேருந்து. நம் நாட்டில் நடந்தவை அத்தனை லேசானவை அல்ல. மும்பை இர்லாவில் வேளாங்கண்ணி மாதா ஆலயத்துச் சிலுவையிலிருந்து நீர் சொட்டியது. 2012 மார்ச்சில் பகுத்தறிவாளர் சனல் எடமருகு போய்ப் பார்த்தார். அருகிலிருந்த கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, ஈரம் சுவர் வழியே ஏறி வருகிறது என்றார். கொத்தனார் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். தொலைக்காட்சி விவாதத்தில் திருச்சபையையும் விமர்சித்தார். காவல் நிலையங்களில் புகார்கள் குவிந்தன. அதே ஆண்டு பின்லாந்துக்குப் போனவர் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட புகார்களுக்கு 2024 வரை கைகொடுத்தது, இந்திய தண்டனைச் சட்டத்தில் 1927இல் வந்த 295ஏ பிரிவு. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு புண்படுத்தினால்தான் குற்றம் என்று அந்தப் பிரிவு கவனமாகச் சொன்னது. காவல் நிலைய எழுத்தரிடம் அந்தக் கவனத்தை எதிர்பார்க்க முடியாது.

புனேயில் நரேந்திர தபோல்கர் இன்னும் மென்மையானவர். மருத்துவர், கபடி வீரர், மூடநம்பிக்கைக் கொடுமைகளுக்கு எதிராகச் சட்டம் கேட்டுப் போராடியவர். என் மசோதாவில் கடவுள் என்ற சொல்லோ மதம் என்ற சொல்லோ இல்லை, நரபலியையும் பேயோட்டும் சித்திரவதையையும் தடுக்கத்தான் கேட்கிறேன் என்று பல ஆண்டுகள் பொறுமையாக விளக்கி வந்தார். 2013 ஆகஸ்ட் 20 காலை நடைப்பயிற்சியில் சுட்டுக் கொன்றார்கள். கேட்டுக் கேட்டுக் கிடைக்காத சட்டம் அவர் செத்த சில நாட்களில் அவசரச் சட்டமாக வந்தது. 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் என்ற பெரியார் தொண்டர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையாளிகளுக்கு ஆத்திரம் தொனியின் மேல் என்று யாராவது சொல்ல முடியுமா?

காந்தியிடம் திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் கதை அந்த நிலையத்தோடு முடியவில்லை. கோபராஜு ராமச்சந்திர ராவ், சுருக்கமாக கோரா, ஆந்திரத்துத் தாவரவியல் ஆசிரியர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கொழும்பு ஆனந்தா கல்லூரியிலும் பாடம் நடத்தியவர். நாத்திகம் பேசியதற்காக வேலைகளை இழந்தார். 1940இல் கிருஷ்ணா மாவட்டத்தில் முதுனூர் என்ற கிராமத்தில் நாத்திக மையம் தொடங்கினார். எல்லாச் சாதியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, தீண்டாமை ஒழிப்பு, எழுத்தறிவு என்று வேலை செய்தார். காந்திக்கு எழுதிக்கொண்டே இருந்தார். நாத்திகத்தைப் பரப்பி யாரும் வென்றதில்லை என்கிற மாதிரி ஒரு பதில் போட்டு முடித்துக்கொள்ளப் பார்த்தார் காந்தி. கோரா விடவில்லை. 1944 இறுதியில் சேவாகிராமத்துக்கே போனார்.

கோரா அங்கே பூமியின் சுற்றளவைக் கேட்கவில்லை. கடவுள் பேரைச் சொல்லி மனிதர்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள், சேரியில் வேலை செய்யும்போது அது தடுக்கிறது, அதை விட்டால் எல்லோரும் மனிதர்களாகவே சேரலாம் என்றார். காந்தி ஆத்திகத்தைக் கைவிடவில்லை. ஆனால் என் ஆத்திகம் சரியென்றோ உன் நாத்திகம் தவறென்றோ என்னால் சொல்ல முடியாது என்கிற இடம்வரை வந்தார். கோராவைச் சாந்த சொரூபி என்றும் எண்ண வேண்டியதில்லை. 1972இல் விஜயவாடாவில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சேர்த்துப் பரிமாறும் நட்பு விருந்தை ஊரறிய அறிவித்து, எதிர்ப்புக்கிடையில் நடத்தியவர் அவர்தான்.

கோரா தம் மூத்த மகளைத் தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர் ஒருவருக்கு மணம் செய்துதர முடிவு செய்தபோது, கல்யாணத்தைச் சேவாகிராமத்தில் வைத்துக்கொள்ளலாம், நானே நடத்திவைக்கிறேன் என்றார் காந்தி. நாத்திகர் வீட்டுக் கல்யாணத்தில் மந்திரம் எப்படிச் சொல்வது என்ற பேச்சு வந்தது. கடவுள் என்று வருகிற இடத்தில் சத்தியம் என்று மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. 1948 மார்ச் 13 அன்று ஆசிரமத்தில் கல்யாணம் அப்படியே நடந்தது. நடத்திவைப்பதாகச் சொன்னவர் ஆறு வாரத்துக்கு முன், டெல்லியில், பிரார்த்தனைக்கு நடந்து போகும் வழியில் சுடப்பட்டிருந்தார்.